கிணற்று சென்சாரைத் தூங்க வைப்பது: லினக்ஸ் டிரைவரில் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) தள்ளியிருக்கும் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் பார்க்க ஒரு சென்சார், அதன் மின்னழுத்தத்தை எண்ணாக்கிப் படிக்க ஒரு ஏடிசி சிப், பக்கத்தில் லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு. தோட்டத்து லைனில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும் என்பதால் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியும் சோலார் பேனலும் வைத்திருக்கிறார்கள். சென்சார் சுற்று மட்டும் 40 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் இழுத்தால் அதற்கு மட்டுமே 175 மணி நேரத்தில் பேட்டரி காலி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை 3 விநாடி மட்டும் இழுத்தால் சராசரி 0.2 மில்லிஆம்பியர். ஐப்பசி மூடாப்பில் பேனல் கைவிட்டாலும் சென்சார் பங்குக்குப் பேட்டரி தாங்கும்.

இந்த ஆன்-ஆஃப் வேலையை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். சாதனத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று டிரைவருக்குத்தான் (கர்னலுக்குள் அந்தச் சாதனத்தை இயக்கும் நிரல்) தெரியும். சாதனம் சும்மா இருக்கும்போது அதை மட்டும் தூங்க வைக்கும் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் என்ற கட்டமைப்பு 2009-இல் வந்த 2.6.32 கர்னலிலிருந்தே இருக்கிறது. அடிப்படை ஒரு எண்ணிக்கைதான்: வேலை தொடங்குமுன் 'கெட்', முடிந்ததும் 'புட்'. எண்ணிக்கை பூஜ்யமானால் கர்னல் உங்கள் சஸ்பெண்ட் கால்பேக்கைக் (கர்னல் கூப்பிடுவதற்காக நீங்கள் எழுதித் தரும் செயற்கூறு) கூப்பிடும். கீழே செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கெட், புட், எனேபிள், செட் வகையறா எல்லாவற்றுக்கும் முன்னால் 'பிஎம்_ரன்டைம்_' உண்டு.

கால்பேக்குகள் இரண்டு: தூங்க வைக்க சஸ்பெண்ட், எழுப்ப ரெஸ்யூம். சிப்பின் ரெஜிஸ்டர் மதிப்புகளுக்குக் கர்னல் வைத்திருக்கும் நகல்தான் ரெக்கேஷ். சஸ்பெண்டில் மூன்று படி: ரெக்கேஷ்_கேஷ்_ஒன்லியை ட்ரூ ஆக்குங்கள், ரெக்கேஷ்_மார்க்_டர்ட்டி கூப்பிடுங்கள், பிறகு ரெகுலேட்டரை (சிப்புக்கு மின்சாரம் தரும் சுற்று) அணையுங்கள். ரெஸ்யூமில் ரெகுலேட்டரைப் போட்டு, டேட்டாஷீட் சொல்லும் நேரம் எம்ஸ்லீப்பில் காத்திருந்து, கேஷ்_ஒன்லியை ஃபால்ஸ் ஆக்கி, ரெக்கேஷ்_சிங்க். சாதாரணமாக இந்தக் கால்பேக்குகள் தூங்கலாம், அதாவது எம்ஸ்லீப் போலக் காத்திருக்கும் செயற்கூறுகளைக் கூப்பிடலாம், பயமில்லை.

நிறையப் பேர் விடுவது மார்க்_டர்ட்டியை. மின்சாரம் போனதும் சிப்பின் ரெஜிஸ்டர்கள் எல்லாம் ரீசெட் மதிப்புக்குப் போய்விடும். ஆனால் கேஷ் சுத்தமாக இருப்பதாக நினைக்கும் ரெக்கேஷ்_சிங்க் எதையும் திரும்ப எழுதாது. கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 2 வைத்திருந்தீர்கள், சிப் 1-க்குத் திரும்பிவிட்டது என்றால் முதல் ரீடிங் சரியாக இருக்கும், ஒருமுறை தூங்கி எழுந்தபின் பாதியாகிவிடும். எர்ரர் எதுவும் வராது. கிணற்றில் தண்ணீர் திடீரென்று இறங்கிவிட்டதாகத் தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவார்.

சஸ்பெண்ட் கால்பேக் 'இப்போது முடியாது' என்று சொல்ல வேண்டுமானால் மைனஸ் இபிஸி அல்லது மைனஸ் இஅகெய்ன் என்ற எர்ரர் எண்களை மட்டும் திருப்புங்கள். வேறு எந்த எர்ரரைத் திருப்பினாலும் கர்னல் அதை நிலையான கோளாறாகக் குறித்துக்கொள்ளும். ஸ்டேட்டஸில் 'எர்ரர்' என்று நிற்கும். செட்_ஆக்டிவோ செட்_சஸ்பெண்டடோ கூப்பிட்டு அதைத் துடைக்கிறவரை அந்தச் சாதனத்துக்கு ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் ஓடாது.

புரோபில் (சாதனத்தை டிரைவரோடு சேர்க்கும்போது ஓடும் செயற்கூறு) வரிசை முக்கியம். ரெகுலேட்டரைக் கையால் ஆன் செய்து சிப்பை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்_ஆட்டோசஸ்பெண்ட்_டிலே 2000 (கடைசிப் பயன்பாட்டுக்குப் பின் தூங்குமுன் காத்திருக்கும் நேரம், மில்லிவிநாடியில்), யூஸ்_ஆட்டோசஸ்பெண்ட், செட்_ஆக்டிவ், கெட்_நோரெஸ்யூம், எனேபிள். அதற்குப் பின் சாதனத்தைப் பதிவு செய்யுங்கள். கடைசியில் புட்_ஆட்டோசஸ்பெண்ட். செட்_ஆக்டிவ் எதற்கு? எந்தச் சாதனமும் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் கர்னல் தொடக்கத்தில் எண்ணும். அதை மறந்தால் முதல் கெட்டிலேயே ரெஸ்யூம் கால்பேக் ஓடி ரெகுலேட்டரை இரண்டாம் தடவை ஆன் செய்யும். சஸ்பெண்ட் ஒருமுறைதான் அணைக்கும். ரெகுலேட்டரின் கணக்கில் ஒன்று மிச்சம். ஸ்டேட்டஸ் 'சஸ்பெண்டட்' என்று காட்டும், பேட்டரியிலிருந்து 40 மில்லிஆம்பியர் அப்படியே போய்க்கொண்டிருக்கும். இந்தக் கோளாறை லாக் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாசிக்கும் இடத்தில் ரெஸ்யூம்_அண்ட்_கெட் பயன்படுத்துங்கள். இது 5.10 கர்னலில் வந்தது. பழைய கெட்_சிங்க்கில் இரண்டு குழி உண்டு. அது தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும், புட்_நோஐடில் போட்டு நீங்கள்தான் கழிக்க வேண்டும். ஏற்கெனவே விழித்திருந்தால் 1 திருப்பும், ஆகவே 'பூஜ்யமில்லையேல் எர்ரர்' என்று எழுதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மைனஸ் இஆக்ஸஸ் வந்தால் எனேபிள் கூப்பிடவில்லை என்று அர்த்தம், அல்லது எங்கோ டிஸேபிள் ஆகியிருக்கிறது.

வாசித்து முடித்ததும் மார்க்_லாஸ்ட்_பிஸி, பிறகு புட்_ஆட்டோசஸ்பெண்ட். நடுவில் ஐ2சி வாசிப்பு தோற்று நேரே ரிட்டர்ன் ஆகும் வழிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே புட் விடுபட்டால் ஒரே ஒரு தோல்விக்குப் பின் சாதனம் தூங்கவே தூங்காது. எர்ரர் வழிகள் எல்லாம் ஒரே வெளியேறும் லேபிளுக்குப் போய் அங்கே புட் நடக்கட்டும்.

டிலேயை எப்படி முடிவு செய்வது? சென்சார் நிலைப்பட 200 மில்லிவிநாடி, 500 மில்லிவிநாடி இடைவெளியில் ஐந்து சாம்பிள் என்றால் 2000 போதும், இடையில் அணைந்து அணைந்து எரியாது. ஆனால் ஏதோ ஒரு டேஷ்போர்டு 1.5 விநாடிக்கு ஒருமுறை வாசித்துக்கொண்டிருந்தால் 2000 என்பது 'எப்போதும் ஆன்' என்றே ஆகும். அது டிரைவர் குற்றமில்லை.

இனி, இன்டரப்ட் (சிப் தானாக ப்ராசஸரைக் கூப்பிடும் சிக்னல்; அப்போது ஓடுவது ஹேண்ட்லர்). சிப் தூங்கும்போது ஹேண்ட்லர் ஓடினால் ஐ2சி வாசிப்பு எர்ரரோடு திரும்பும். சாக் (ப்ராசஸரும் பிற பகுதிகளும் சேர்ந்த ஒரே சிப்) உள்ளிருக்கும் சாதனத்தில் நிலைமை மோசம்: கிளாக் நின்றிருக்கும்போது ரெஜிஸ்டரைத் தொட்டால் பல ஆர்ம் சிப்களில் எக்ஸ்டர்னல் அபார்ட் என்ற பஸ் கோளாறு, சிலதில் பஸ்ஸே உறைந்துவிடும். ஹார்ட் இன்டரப்ட் ஹேண்ட்லரில் தூங்கும் கெட்_சிங்க் கூடாது. கெட்_இஃப்_ஆக்டிவ் போட்டுப் பாருங்கள், பூஜ்யம் வந்தால் 'என் இன்டரப்ட் இல்லை' என்று திரும்புங்கள், எண் 1 என்றால் வேலையை முடித்துப் புட். சஸ்பெண்டில் மின்சாரத்தை எடுக்குமுன் சிப்பின் இன்டரப்டை அணைத்து சிங்க்ரோனைஸ்_ஐஆர்க்யூ கூப்பிடுங்கள்.

இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்தே கெட்_சிங்க் கூப்பிட விடும் ஐஆர்க்யூ_சேஃப் என்று ஒரு குறுக்குவழி உண்டு. அதை அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டோம். அதைப் போட்டால் பேரன்ட் சாதனத்தின் (நம் சாதனம் தொங்கும் மேல்நிலைச் சாதனம்) எண்ணிக்கையை நிரந்தரமாகக் கூட்டிவிடும், பேரன்ட் அதன்பின் தூங்காது. கால்பேக்கில் தூங்கும் செயற்கூறுகளும் செல்லாது.

டெட்லாக்கில் (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) மாட்டுவது எளிது. வாசிக்கும் இடத்தில் ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பூட்டிவிட்டு கெட் கூப்பிடுகிறீர்கள், ரெஸ்யூம் கால்பேக்கும் அதே மியூடெக்ஸைக் கேட்கிறது, முடிந்தது கதை. முதலில் கெட், பிறகுதான் பூட்டு. பின்னணி வேலை (வொர்க்) முடியும்வரை காத்திருக்கும் கேன்ஸல்_வொர்க்_சிங்க்கை சஸ்பெண்ட் கால்பேக்கில் போடுவதும் இதே வகை, அந்த வொர்க் உள்ளே கெட்_சிங்க் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

போர்டு முழுவதையும் தூங்க வைக்கும் சிஸ்டம் சஸ்பெண்டுக்கு ஃபோர்ஸ்_சஸ்பெண்ட், ஃபோர்ஸ்_ரெஸ்யூம் இரண்டையும் போட்டால் பெரும்பாலும் போதும். டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவில் முதலில் சாதனத்தைப் பதிவு நீக்குங்கள். பிறகு டிஸேபிள், டோன்ட்_யூஸ்_ஆட்டோசஸ்பெண்ட். இன்னும் விழித்திருந்தால் மட்டும் ரெகுலேட்டரை அணைத்து செட்_சஸ்பெண்டட்.

சோதிக்க, சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) சாதனத்தின் 'பவர்' கோப்புறையைத் திறங்கள். 'ரன்டைம்_ஸ்டேட்டஸ்' எப்போதும் 'ஆக்டிவ்' என்றால் 'ரன்டைம்_யூஸேஜ்' பாருங்கள். (கர்னலில் பவர் மேனேஜ்மென்ட் அட்வான்ஸ்டு டீபக் விருப்பம் இல்லாவிட்டால் இந்தக் கோப்பு தெரியாமல் இருக்கலாம்.) பூஜ்யம் இல்லையென்றால் உடனே லீக் (எங்கோ புட் விடுபட்டது) என்று முடிவு கட்டாதீர்கள். 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' இருந்தாலும் ஆட்டோசஸ்பெண்ட் டிலே நெகட்டிவ் ஆனாலும் எண்ணிக்கை ஒன்று கூடும். 'ஆட்டோ' எழுதி, டிலே நெகட்டிவ் இல்லை என்றும் பார்த்தபிறகும் நின்றால் லீக்தான். எண்ணிக்கை பூஜ்யம், ஆனாலும் ஆக்டிவ் என்றால் குழந்தைச் சாதனம் எதுவோ விழித்திருக்கிறது, அல்லது சஸ்பெண்ட் மறுக்கிறது. டிரேசிங்கில் 'ஆர்பிஎம்' ஈவென்ட்களை இயக்கினால் யார் என்ன எண்ணைத் திருப்பினார்கள் என்று வரிவரியாகத் தெரியும்.

ஸ்டேட்டஸ் சொல்வதை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரைத் தொடராகப் போடுங்கள். பேட்டரி வயரில் அல்ல, சென்சாருக்குப் போகும் சப்ளை வயரில். பேட்டரி வயரில் முழு போர்டின் கரண்டும் ஓடும், 200 மில்லிஆம்பியர் ரேஞ்சில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம். ரீடிங் எடுத்து 2 விநாடி கழித்து 40 என்பது இறங்க வேண்டும். இறங்காமல் ஸ்டேட்டஸ் மட்டும் 'சஸ்பெண்டட்' என்றால் ரெகுலேட்டரின் 'யூஸ்_கவுன்ட்'டை டீபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேட கர்னல் தரும் கோப்புகள்) பாருங்கள். 1 என்று நின்றால், அந்த ரெகுலேட்டரை வேறு சாதனம் எதுவும் பகிராதபட்சத்தில், பெரும்பாலும் புரோபில் செட்_ஆக்டிவ் விட்டுப்போயிருக்கிறது.