ஒரு நோட்டு, ஒரு ஊக்கு, ஒரு பலகை: எம்பிராய்டரிக்கு நானே செய்துகொண்ட கருவிகள்

என் எம்பிராய்டரி மெஷின் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். வேலை நடுவில் நிற்கும்போதெல்லாம் ஏன் நின்றது என்று அதில் ஒரு வரி எழுதிவிடுவேன். ‘ஜரிகை அறுந்தது.’ ‘பூ சாய்ந்துவிட்டது.’ ‘துவாலை கனம் இழுத்தது.’ பத்து நாள் கழித்துப் புரட்டினால் ஒரே வரி நாலைந்து தடவை வந்திருக்கும். அந்த வரிக்குத்தான் கருவி தேவை. புதிதில் பார்ப்பதற்கு நன்றாயிருக்கிறதே என்று பல துணைப்பொருள்கள் வாங்கினேன். பாதியை இன்னும் பிரிக்கவே இல்லை. நீங்களும் ஒரு நோட்டைப் போட்டுவிட்டு, பிறகு ஆணி சுத்தியலை எடுங்கள்.

என் நோட்டில் அதிகம் வந்தது ஜரிகை நூல். ஊசியை 90/14 என்ற தடித்த அளவுக்கு மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், மேல் நூலின் இறுக்கத்தைத் (டென்ஷன்) தளர்த்தினேன். அறுவது குறைந்தது, நிற்கவில்லை. ஒருநாள் நூலை ஒரு கை நீளம் இழுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அது தன்மேலேயே சுற்றி முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கோடு ஊசிக்கண்ணுக்குள் போனால் அறுபடாமல் என்ன செய்யும்?

சுற்று சுற்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக நேராகச் சுற்றிய கண்டிலிருந்து நூலை மேல்பக்கமாக உருவினால், உருவும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடும். அந்த வகைக் கண்டு தானே உருள வேண்டும்; நூல் பக்கவாட்டில் வர வேண்டும். குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிய கோனிலிருந்து மட்டும் மேலே உருவலாம். ஆகவே நூலைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்ட் செய்ய வேண்டும்.

கோனை உள்ளே நிறுத்தக் கனமான கண்ணாடி ஜாடி போதும். நேராகச் சுற்றிய கண்டுக்கு ஒரு மரக்கட்டையில் வழவழப்பான கம்பியைச் செங்குத்தாக நட்டேன். கண்டுக்கு அடியில் ஒரு வாஷர் வைத்தால் தடையில்லாமல் சுழலும். இரண்டையும் மெஷினுக்கு மூன்று அடி பின்னால் வைக்கிறேன். அந்தத் தூரத்தில் நூல் மீதி முறுக்கை விட்டுவிடுகிறது. நடுவில் ஒரு வழிகாட்டி வேண்டுமே? பெரிய ஊக்கு ஒன்றை எடுத்து, அதன் சுருள் வளையம் மேலே வரும்படி ஒரு குச்சியில் டேப் போட்டு ஒட்டினேன். நூல் அந்த வளையத்துக்குள் போகிறது. முதலில் வெட்டிய கம்பியை வளைத்துக் கொக்கி செய்திருந்தேன். வெட்டுமுனை நூலைச் சீவி, மினுமினுப்பு முழுவதும் மேஜையில் கொட்டியது. நூல் தொடும் எந்த இடத்திலும் வெட்டுமுனை இருக்கக் கூடாது.

அடுத்தது ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் இரட்டை வளையம்) மாட்டும் பலகை. நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஹூப்பை விட எல்லாப் பக்கமும் ஒரு சாண் பெரிதாக ஒரு பலகை. அதன்மேல் வெளி வளையத்தை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டை ஒட்டி வெளியே நாலு மரச்சட்டங்களை ஒட்டினேன். சட்டம் வளையத்தை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். திருகு இருக்கும் பக்கமும், மெஷினில் மாட்டும் பிடி இருக்கும் பக்கமும் இடைவெளி விடுங்கள். பிறகு ஹூப்பின் நடுக்கோடுகள் இரண்டையும் பலகையின் ஓரம் வரை நீட்டி வரையுங்கள். துணி ஹூப்பை மூடிய பிறகும் கண்ணுக்குத் தெரியப்போவது அந்த நீட்டிய கோடுதான். பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒட்டினால் நழுவாது.

இதோடு சேர்ந்தது படத்தின் அச்சு. டிசைனை உள்ள அளவிலேயே ஒளி ஊடுருவும் தாளில் அச்செடுத்து, நடுவில் கூட்டல் குறியும் மேல்பக்கத்தில் அம்புக்குறியும் போடுகிறேன். அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். என் பிரிண்டர் ஒருமுறை தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிட்டது. அதை நம்பி இடம் குறித்ததில் ஒரு தலையணை உறையின் பூ ஓரத் தையல்மேல் ஏறிக்கொண்டது. தாளைத் துணியில் வைத்து நகர்த்திப் பார்த்து, இடம் பிடித்ததும் நடுவில் குண்டூசி குத்தி, அழியும் பேனாவால் கோடு இழுங்கள். வெளி வளையத்தைப் பலகையில் பதித்து, மேலே ஸ்டெபிலைசர் (துணியை அடியிலிருந்து தாங்கும் தாள்), அதற்கு மேல் துணி. துணியின் கோடு பலகைக் கோட்டோடு பொருந்தியதும் உள் வளையத்தை அழுத்துங்கள். திருகிய பிறகு துணியை இழுக்காதீர்கள், அதிலும் பனியன் துணியை இழுக்கவே கூடாது. இழுபட்ட துணி ஹூப்பைக் கழற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பும். பூவைச் சுற்றி அத்தனையும் சுருக்கமாகிவிடும்.

வழுக்கும் துணிக்கு உள் வளையத்தில் மட்டும் பருத்தி நாடாவைச் சுற்றுங்கள். முனையைப் பசையால் ஒட்ட வேண்டாம், துணியில் கறை ஏறும்; நாலு தையல் போட்டு நிறுத்துங்கள். ஒரே சுற்று போதும்.

துவாலை, போர்வை போன்ற கனத்த வேலைக்கு மேஜை நீட்டிப்பு. தொங்கும் துணி ஹூப்பை இழுப்பதால்தான் நிரப்புத் தையல் ஓரிடத்திலும் ஓரக்கோடு வேறிடத்திலும் விழுகிறது. மெஷின் தளத்தின் உயரத்துக்குத் தெர்மாகோல் அட்டைகளை அடுக்கி ஒட்டி, மேலே வழவழப்பான அட்டை போட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் ஹூப்பை நாலு மூலைக்கும் ஓடவிட்டு, அதை நகர்த்தும் எம்பிராய்டரிக் கை எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். இடித்தால் பூ மட்டுமில்லை, மோட்டாரும் பாழாகும். மீதித் துணியைச் சுருட்டிப் பிடிக்கத் தலைமுடி கிளிப் போதும். கிளிப் ஹூப்பின் உள்ளே மட்டும் வரக் கூடாது.

துணி உப்பினால் விரலால் அழுத்தும் பழக்கம் எனக்கு இருந்தது. என் அக்கா மகள் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், “சித்தி, முதல்ல கையை எடுங்க!” என்று கத்திவிட்டாள். நிமிடத்துக்கு 600 முறை இறங்கும் ஊசி அது. அன்றைக்கே நீளமான பென்சில் ஒன்றை, ரப்பர் முனை கீழே இருக்கும்படி, மெஷினோடு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அதையும் ஊசியின் பாதைக்கு வெளியே வைத்துத்தான் அழுத்துகிறேன்.

தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசரின் துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் தடவிக் காயவிட்டால் விறைப்பாகிவிடும்.

இப்போது நோட்டில் திரும்பத் திரும்ப வருவது ‘பாபின் தீர்ந்தது’. பாபின் என்பது அடிநூல் சுற்றிய சின்ன உருளை. ஹூப் மூடியிருக்கும்போது பாபினைப் பார்க்க வழியில்லை. அதனால் புதுப் பாபின் போடும்போதும் அது தீரும்போதும் திரையில் காட்டும் தையல் எண்ணிக்கையைக் குறித்து வைக்கிறேன். மூன்று பாபின்களுக்குக் கணக்கெடுத்தாயிற்று. அவற்றில் மிகக் குறைந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் நெற்றியில் ஒட்டியிருக்கிறேன். அந்த எண்ணை எட்டுவதற்கு முன்னால் வரும் கடைசி நிற மாற்றத்திலேயே பாபினை மாற்றிவிடுகிறேன். நூல் வகை மாறினால் எண்ணும் மாறும் என்பதால், அடுத்ததாகத் தடித்த பாபின் நூலுக்குத் தனிக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறேன்.