கார் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

லிட்டருக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த என் கார், சில மாதங்களுக்கு முன் 14 கிலோமீட்டருக்கு இறங்கியது. பணிமனையில் ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள், மைலேஜ் அசையவில்லை. கடைசியில் காரணம், இன்ஜின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும், உள்ளங்கையில் அடங்கக்கூடிய தெர்மோஸ்டாட் என்னும் சிறு பாகத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நான் போன வழி சுற்று வழி. எந்த வரிசையில் தேடியிருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பேனோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதினாலும், முதல் மூன்று படிகள் டீசல் கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: முதலில் சரியாக அளந்துகொள்ளுங்கள்

டேஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது காரின் கணினி போடும் கணக்கு; பல கார்களில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, முக்கால் டேங்க் தீரும் வரை வழக்கம்போல் ஓட்டிவிட்டு, மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் நம்பத்தக்க முறை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், ஒரே ஒரு டேங்கின் கணக்கில் ஓரிரு லிட்டர் பிழை எளிதில் வந்துவிடும். ஆகவே மூன்று டேங்குகளின் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். எனக்கு 1,186 கிலோமீட்டருக்கு 84.1 லிட்டர் ஆகியிருந்தது. அதாவது லிட்டருக்கு 14.1. முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். கழுத்து வரை ஊற்றினால் கணக்கு கெடுவதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமாகவே எரிபொருள் புகுந்து அதைக் கெடுத்துவிடக்கூடும்.

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. காரிலேயே ஒரு சிறு நோட்டும் பேனாவும் இருந்தால், ஊற்றிய லிட்டரோடு அந்த வாரம் செய்த வேலைகளையும் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம். பின்னால் பெரிதும் உதவுவது அந்தக் குறிப்புதான்.

படி 2: மாறியது காரா, பயணமா?

மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடி நிற்கும் பயணங்கள் கூடியிருந்தால், இன்ஜின் சூடாவதற்குள் ஒவ்வொரு பயணமும் முடிந்துவிடுகிறது; மைலேஜ் குறைவதற்கு அதுவே போதும். குளிர்காலமும் அப்படித்தான். வெளியே 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது கிடைக்கும் நகர மைலேஜோடு ஒப்பிட்டால், உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. கூரையில் பொருத்திய சுமைச் சட்டம், நெடுஞ்சாலையில் கூட்டிக்கொண்ட வேகம், நிறுத்திவைத்த காரில் ஓடும் ஏசி ஆகியவற்றையும் நேர்மையாகப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் அந்த விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

எரிபொருளே மாறியிருக்கலாம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறைவது இயல்பு. அதற்காகக் காரைப் பிரிக்க வேண்டியதில்லை.

படி 3: உருளும் பாகங்கள்

டயர் காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எழுதியுள்ள அழுத்தம்தான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். நான்கு டயர்களின் சராசரியும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும். ஆகவே 5 பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் அதனால் வரும் இழப்பு 1 சதவீதம்தான். டயரில் காற்றடித்துவிட்டு, 15 சதவீத இழப்பு சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்த எண்ணைச் சொல்கிறேன்.

இதைவிட முக்கியம், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது. பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகரும் ஊசிகள் துருவேறியிருந்தாலோ கைப்பிரேக் கம்பி முழுவதும் தளராமல் இருந்தாலோ, சக்கரம் பிரேக்கை இழுத்துக்கொண்டே சுழலும். இருபது நிமிடம் ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை இயன்றவரை தொடாமல் வந்து நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களின் பிரேக் தட்டுகளையும் அளந்து பாருங்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் இடதும் வலதும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பல பத்து டிகிரி கூடியிருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. வெறும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கொப்புளம் வந்துவிடும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதானால் ஸ்டாண்டு வைத்த பிறகே செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டக் கூடாது.

படி 4: காரின் கணினியைக் கேளுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில், கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறியும் அமைப்போடு பேச உதவும், 16 ஊசி கொண்ட ஓபிடி இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம். அதில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்று வாங்கிக்கொண்டால் கைப்பேசியிலேயே எல்லாம் தெரியும். வெறும் பிழைக்குறியீடு மட்டும் காட்டும் கருவியை வாங்காதீர்கள். ஓடும்போது மாறும் அளவுகளை நேரடியாகக் காட்டுவதே நமக்கு வேண்டும். என் காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியவும் இல்லை, ஒரு குறியீடும் பதிவாகவில்லை. அந்த அளவுகள்தான் உண்மையைச் சொல்லின.

விளக்கு எரியாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரித்துவிடக்கூடும் என்பதால், மேலும் ஓட்டாமல் சரிசெய்ய வேண்டும்.

படி 5: இன்ஜின் உண்மையிலேயே சூடாகிறதா?

என்னை மாதக்கணக்கில் ஏமாற்றிய படி இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். என் காரில் வெப்பமானி முள் கிடையாது; இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நீல விளக்கு சில நிமிடங்களில் அணைந்துவிட்டதால், இன்ஜின் சூடாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த விளக்கு பல கார்களில் 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே அணைந்துவிடுகிறது. இன்ஜின் வேலை செய்ய வேண்டிய வெப்பமோ பெரும்பாலும் 85க்கும் 100க்கும் இடையில். முள் உள்ள கார்களிலும் நிம்மதியடைய முடியாது. கணிசமான வெப்ப வேறுபாட்டுக்கு முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன.

கருவியில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையைத் திறந்துவைத்து ஓட்டினேன். நெரிசலில் 78 வரை ஏறியது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் 63க்கு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம்தான் அடையாளம். நல்ல தெர்மோஸ்டாட் வேகமாகப் போகும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியைக் குறுக்கி வெப்பத்தைக் காக்கும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எதிர்க்காற்று கூடக்கூட இன்ஜின் குளிர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கணினி கூடுதலாகத் தெளிக்கச் சொல்கிறது. எண்ணெயும் தடிப்பாக இருந்து உராய்வைக் கூட்டுகிறது. கணினி இதைக் கவனித்தால் பி0128 என்ற குறியீட்டைப் பதிவு செய்யும். என் காரில் அதுவும் வரவில்லை.

உறுதிப்படுத்தும் வழி எளிது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் இயக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயைத் தொட்டுக்கொண்டிருங்கள். சுழலும் பெல்ட்டிலிருந்தும் விசிறியிலிருந்தும் கையைத் தள்ளியே வையுங்கள். தெர்மோஸ்டாட் நலமாக இருந்தால் குழாய் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, வழி திறந்ததும் சட்டென்று சூடாகும். இரண்டாவது நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அது திறந்தே கிடக்கிறது.

கழற்றிய பிறகு நான் வெந்நீரிலும் சோதித்தேன். பாத்திரத்தின் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு நீரைச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறக்க வேண்டும். என்னுடையது குளிர்ந்த நீரிலேயே வாய் பிளந்திருந்தது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்கவும் கூடாது. நாயும் பூனையும் அதைக் குடித்துவிடக்கூடும், அது அவற்றுக்கு நஞ்சு. புதிதாக நிரப்பும்போது உள்ளே காற்றுக்குமிழி சிக்காமல் வெளியேற்றுங்கள்.

மாற்றிய பிறகு எந்த வேகத்திலும் வெப்பம் 88க்கும் 92க்கும் இடையிலேயே நின்றது. அடுத்த மூன்று டேங்குகளில் 1,204 கிலோமீட்டருக்கு 73.6 லிட்டர், லிட்டருக்கு 16.4.

படி 6: வெப்பம் சரியாக இருந்தால், எரிபொருள் திருத்தம்

கருவியில் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற சதவீதம் தெரியும். காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்ற விகிதத்தில் கலப்பதற்காகக் கணினி தன் அடிப்படைக் கணக்கை எவ்வளவு திருத்திக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. பூஜ்யத்துக்கு இருபுறமும் 5 சதவீதம் வரை கவலையில்லை. 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். கூட்டல் பக்கம் போயிருந்தால், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தால், வெற்றிடக் குழாய் விரிசல், அழுக்கேறிய காற்றளவு சென்சார், சோர்ந்த பெட்ரோல் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். கழித்தல் பக்கம் என்றால் ஒழுகும் இன்ஜெக்டரையும் கரிப்பெட்டியின் ஆவியை இன்ஜினுக்குள் விடும், மூடாமல் நிற்கும் ஆவி வால்வையும் முதலில் சந்தேகியுங்கள். புகையில் மீந்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால், வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றி, வீணாகப் பெட்ரோலைக் கூட்டவைக்கும். புதிய சென்சார் வாங்குமுன் அதைச் சோதியுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி இங்கே வேண்டுமென்றே பேசவில்லை. கார்புரேட்டர் காலத்தில் அடைபட்ட ஃபில்டர் மைலேஜைக் குறைத்தது உண்மை. இன்றைய இன்ஜின்களில் கணினி உள்ளே வரும் காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால், இழுவைதான் குறையுமே தவிர மைலேஜ் பெரிதாக மாறாது. அழுக்கானால் மாற்றுங்கள், ஆனால் அதை விடையாக நினைக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: தெர்மோஸ்டாட் நலமாக இருந்தும் மேல் குழாய் உடனே சூடாகிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய காரில் தெர்மோஸ்டாட் இன்ஜினுக்குள் கூலன்ட் நுழையும் பக்கத்தில் இருக்கிறது. அத்தகைய கார்களில் கீழ்க் குழாயைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். கருவியில் தெரியும் ஏற்ற இறக்கச் சோதனை இரு வகைக்கும் பொருந்தும்.

பின்சேர்க்கை 2: எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் 2 சதவீதம் குறைந்தே இருப்பதாகச் சொன்ன இன்னொரு வாசகர், 185/65 ஆர்15 டயருக்குப் பதிலாக 195/65 ஆர்15 போட்டிருந்தார். புதிய டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டரிலிருந்து 634க்குக் கூடியிருப்பதால், ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிட 2 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. உங்கள் டயரும் அளவில் மாறியிருந்தால், டயரிலும் தரையிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, காரை ஒரு முழுச்சுற்று உருட்டி, தரையில் அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய அளவு டயரை இதேபோல் உருட்டி அளந்த தூரத்தால் அதை வகுத்து, வரும் எண்ணால் ஓடோமீட்டர் காட்டும் தூரத்தைப் பெருக்கிய பிறகே லிட்டரால் வகுக்க வேண்டும்.