டிபால்ட்டும் பென்வோலியோவும்: ஒப்பிட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களிடம், ஜூலியட்டின் காபுலெட் குடும்பத்தைச் சேர்ந்த டிபால்ட்டையும் அதற்குப் பகையான, ரோமியோவின் மாண்டேகு குடும்பத்தைச் சேர்ந்த பென்வோலியோவையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்து சேரும். டிபால்ட் முன்கோபி, பென்வோலியோ சமாதானப் பிரியன். ஒருவன் நெருப்பு, மற்றவன் நீர். ஒருவனால் அழிவு வந்தது, மற்றவன் சொல்லைக் கேட்டிருந்தால் அழிவு வந்திராது. இந்த விடையை முற்றிலும் தவறு என்று அடித்துவிட முடியாது. ஆனால் ஷேக்ஸ்பியர் இவ்விருவரையும் படைத்ததில் காட்டிய நுட்பம் இதில் விடுபட்டுப் போகிறது. நாடகத்தின் வரிகளோடு வைத்துப் பார்த்தால் இதன் சில பகுதிகள் நிற்கவும் மாட்டா.

சறுக்கல் முதல் காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது. பென்வோலியோ வெறுங்கையோடு வந்து நல்ல வார்த்தை சொல்லிச் சண்டையை விலக்குகிறான் என்று பலர் எழுதுகிறார்கள். மேடையில் நடப்பது அதுவன்று. அவமதிப்பாகக் கட்டைவிரலைக் கடித்துக் காட்டிய அற்பக் காரணத்துக்காகக் காபுலெட் வீட்டு வேலையாட்களும் மாண்டேகு வீட்டு வேலையாட்களும் வெரோனாவின் தெருவில் வாளோடு மோதிக்கொண்டிருக்கும்போது, பென்வோலியோ தன் வாளையும் உருவிக்கொண்டு இடையில் புகுந்து அவர்களுடைய வாள்களைத் தட்டித் தாழ்த்துகிறான். அந்தக் கணத்தில்தான் டிபால்ட் வருகிறான். அவன் கண்ணில் படுவது, எதிரி வீட்டு இளைஞன் ஒருவன் உருவிய வாளோடு தன் வீட்டு வேலையாட்களின் நடுவே நிற்கும் காட்சி. அமைதி காப்பதற்காகவே நிற்கிறேன், வாளை உறையில் போடு, இல்லையேல் இவர்களைப் பிரிக்க எனக்குத் துணையாக அதை வீசு என்கிறான் பென்வோலியோ. வாளை உருவிக்கொண்டா சமாதானம் பேசுகிறாய் என்று கேட்டு, அந்தச் சொல்லையே நரகத்தைப் போலவும் மாண்டேகு குடும்பத்தார் அனைவரையும் போலவும் உன்னைப் போலவும் வெறுக்கிறேன் என்று டிபால்ட் பாய்கிறான்.

இந்த மறுமொழியின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டி, டிபால்ட்டின் வெறுப்புக்குச் சான்று என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முற்பாதியில் உள்ள கேள்வியைத்தான் நான் மாணவர்களைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வேன். கையில் வாளும் வாயில் சமாதானமும் சேர்ந்திருக்க முடியுமா என்ற அக்கேள்வி, கேட்பவன் யாராக இருந்தாலும், வெற்றுக் கேள்வி அன்று. நாடகத்தின் நடுப்பகுதியில் அது மிகக் கொடிய முறையில் திரும்பி வருகிறது. பென்வோலியோவை நாம் நம்புவதற்குக் காரணம், அவன் வந்ததிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே, டிபால்ட் பார்க்கவில்லை. ஆகவே இருவருக்குமுள்ள வேறுபாட்டை வாள் எடுத்தவன், எடுக்காதவன் என்று எழுதக் கூடாது. எதற்காக எடுத்தான், எடுத்தபின் எதிரே நிற்பவனிடம் என்ன கேட்டான் என்பதில்தான் அந்த வேறுபாடு இருக்கிறது.

இந்த மோதல் தற்செயலாக அமைந்ததும் அன்று. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்தது 1562-இல் ஆர்தர் புரூக் வெளியிட்ட நெடுங்கவிதை. அதில் டிபால்ட் கதையின் நடுவில் வரும் தெருச் சண்டையில்தான் தலைகாட்டுகிறான். பென்வோலியோவின் இடத்தில் ரோமியோவுக்கு அறிவுரை சொல்லும் பெயரில்லாத நண்பன் ஒருவன் மட்டுமே இருக்கிறான். அந்த நண்பனுக்கு நல்லெண்ணம் என்று பொருள்படும் இத்தாலியப் பெயரைக் கொடுத்து, டிபால்ட்டை முதல் காட்சிக்கே இழுத்து வந்து, இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தியது ஷேக்ஸ்பியரின் சொந்த ஏற்பாடு.

உறவுமுறையில் நேரும் பிழைகள் சிறியவை, ஆனால் தமிழில் எழுதும்போது எளிதில் புகுந்துவிடுபவை. 'கசின்' (cousin) என்ற ஆங்கிலச் சொல் ஒன்றே பலவகை உறவுக்கும் பொதுவாக இருப்பதால், டிபால்ட்டை ஜூலியட்டின் 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்று எழுதிவிடுகிறார்கள். அவன் ஜூலியட்டின் தாயான காபுலெட் சீமாட்டியின் உடன்பிறந்தவருடைய மகன். அவன் இறந்து கிடக்கும்போது 'என் சகோதரனின் பிள்ளையே' என்றுதான் அவர் கதறுகிறார். எனவே நம் வழக்கில் அவன் ஜூலியட்டுக்கு மாமன் மகன். அப்படிச் சொன்னவுடன் முறைமாப்பிள்ளை என்ற எண்ணம் நமக்குத் தானாக வந்துவிடும். அதை நாடகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ரோமியோமீது டிபால்ட்டுக்கு இருக்கும் பகையில் ஜூலியட்டுக்கு இடமே இல்லை. அவர்களுடைய காதலை அறியாமலேயே அவன் சாகிறான். பென்வோலியோ மாண்டேகுவுக்கு உடன்பிறந்தார் பிள்ளை, ரோமியோவுக்கு உறவினனும் நண்பனும். ரோமியோவின் நண்பனான மெர்குஷியோ இரண்டு வீட்டையும் சேராதவன், வெரோனாவை ஆளும் இளவரசரின் உறவினன்.

டிபால்ட் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவே தெரியாதவன் என்று எழுதுவது அடுத்த பெரும் தவறு. காபுலெட் வீட்டு விருந்தில் முகமூடி அணிந்து வந்த ரோமியோவை அவன் குரலை வைத்தே டிபால்ட் அடையாளம் கண்டுகொள்கிறான். உடனே வாளைக் கொண்டுவரச் சொல்கிறான். ஆனால் வீட்டுத் தலைவர் காபுலெட் தடுக்கிறார். ரோமியோ நல்லொழுக்கமுள்ள இளைஞன் என்று வெரோனாவே பெருமை பேசுகிறது, என் வீட்டில் அவனுக்கு அவமதிப்பு நேரக் கூடாது என்கிறார். டிபால்ட் மீண்டும் வாதாடியபோது, இங்கே எசமான் நானா நீயா என்று கடிந்துகொள்கிறார். டிபால்ட் பணிகிறான். வலிந்து வரவழைத்த பொறுமையும் உள்ளே பொங்கும் சினமும் மோதுவதால் தன் உடல் நடுங்குகிறது என்றும், இப்போது இனிப்பாகத் தோன்றும் இந்த நுழைவு பின்னால் கசப்பான பித்தநீராக மாறும் என்றும் சொல்லிவிட்டு வெளியேறுகிறான். தன் சினத்தை அடக்கத் தெரிந்த, அடக்கியதாலேயே அதைச் சேமித்து வைத்துக்கொண்ட ஒருவன் இவன். இரவோடு இரவாகத் தெருவில் ரோமியோவைத் தேடி வெட்டிச் சாய்ப்பதில்லை. மாண்டேகு வீட்டுக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறான். அது சண்டைக்கு விடுத்த அழைப்பு என்று மெர்குஷியோ ஊகிக்கிறான். டிபால்ட்டின் வாள்வீச்சு தாளம் தவறாமல் பாடும் பாட்டைப் போன்றது, நேரமும் தொலைவும் அளவும் பிசகாதது என்று கேலியோடு சொல்வதும் மெர்குஷியோதான். குடும்ப மானம், அதற்குரிய முறை, பயிற்சி பெற்ற கை ஆகிய மூன்றும் சேர்ந்தவன் டிபால்ட். வெறும் முன்கோபியைவிட இப்படிப்பட்டவன் அஞ்சத்தக்கவன் என்பதை விடையில் சொல்லாமல் விட்டால், அந்தப் பாத்திரத்தின் கனமே போய்விடும்.

மேற்சொன்ன 'பித்தநீர்' என்ற சொல்லையும் அலங்காரமாகக் கொண்டு கடந்துவிட வேண்டாம். அக்கால ஐரோப்பிய மருத்துவம் உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உண்டு என்றும், மஞ்சள் பித்தம் மிகுந்தால் மனிதன் சூடும் சினமும் கொண்டவனாகிறான் என்றும் நம்பியது. நாடகத்தின் தொடக்க வரிகளிலேயே வேலையாட்கள் இந்த மஞ்சள் பித்தத்தையும் சினத்தையும் சேர்த்துக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சிலேடை பேசுகிறார்கள். பித்தம் நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் வாதம், பித்தம், கபம் என்ற நம் மூன்றின் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். அதே போல, ரோமியோவை நோக்கி டிபால்ட் வீசும் வசைச்சொல்லைத் தமிழில் 'வில்லன்' என்றே எழுதுவதும் பொருந்தாது. திரைப்படத்தால் நமக்குப் பழகிப்போன பொருள் அதற்கு அங்கே இல்லை. இழிந்தவன், கயவன் என்று பிறப்பையும் மானத்தையும் குத்தும் சொல் அது. டிபால்ட்டையே 'நாடகத்தின் வில்லன்' என்று எழுதுவோரும் உண்டு. இளவரசர் குற்றம் சாட்டுவது இரு குடும்பத் தலைவர்களின் பழம்பகையை. முதல் காட்சியில் தள்ளாத வயதிலும் நீண்ட வாளைக் கேட்கும் காபுலெட்டிடம், வாள் எதற்கு, ஊன்றுகோலைக் கேளுங்கள் என்று மனைவி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நகரத்தில் சினம் ஒருவனுடைய தனிச்சொத்தாக இல்லை.

மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சிக்கு வருவோம். ஒப்பீட்டின் உயிர்நிலை இதுதான், அதிகம் தவறுவதும் இங்கேதான். வெயில் கொளுத்துகிறது, காபுலெட் ஆட்கள் வெளியே திரிகிறார்கள், எதிர்ப்பட்டால் சண்டை தப்பாது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று பென்வோலியோ கெஞ்சுகிறான். அதற்கு மெர்குஷியோ, நீதான் பெரிய சண்டைக்காரன், தெருவில் இருமி உன் நாயை எழுப்பிவிட்டான் என்பதற்காக ஒருவனோடு சண்டை போட்டவன் நீ என்று அடுக்கிக்கொண்டே போகிறான். இதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, பென்வோலியோவுக்கும் மறைவான முன்கோபம் உண்டு என்று எழுதப்பட்ட விடைகளைத் திருத்தியிருக்கிறேன். மெர்குஷியோ தன் குணத்தை நண்பன்மேல் ஏற்றி விளையாடுகிறான். நான் உன்னளவு சண்டைக்காரனாக இருந்தால் என் உயிர் ஒன்றேகால் மணிநேரத்துக்குத்தான் தாங்கும் என்று பென்வோலியோ பதில் சொல்வதிலேயே அது தெளிவாகிவிடுகிறது. அந்தப் பதில் சொல்லி முடித்த சிறிது நேரத்துக்குள் மெர்குஷியோ சாகிறான்.

இங்கே மெர்குஷியோவை விட்டுவிட்டு இருவரை மட்டும் ஒப்பிடுகிறவர்கள், டிபால்ட் வந்ததும் வராததுமாக மெர்குஷியோவைக் குத்திவிட்டான் என்றே எழுதிவிடுகிறார்கள். டிபால்ட் தேடி வந்தது ரோமியோவை. மெர்குஷியோவிடம் அவன் பேசும் முதல் சொற்கள் மரியாதையானவை. சண்டைக்கு இழுப்பவன் மெர்குஷியோ. பொது இடத்தில் நிற்கிறோம், தனியிடத்துக்குப் போங்கள், இல்லையேல் குறைகளை நிதானமாகப் பேசுங்கள், அதுவும் முடியாவிட்டால் கலைந்து செல்லுங்கள் என்று பென்வோலியோ மூன்று வழி சொல்கிறான், எவரும் கேட்பதில்லை. ரோமியோ வந்தவுடன் டிபால்ட் மெர்குஷியோவை விட்டுத் திரும்புகிறான். அப்போது அவன் மெர்குஷியோவுக்குச் சொல்லும் விடைச்சொல், உனக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்பது. முதல் காட்சியில் வெறுப்பதாகச் சொன்ன அதே சொல்லை, வழக்கமான மரியாதைச் சொல்லாக, அவனே உதிர்க்கிறான்.

அதன்பின் நடப்பதை வரிசை மாறாமல் எழுதுவது முக்கியம். டிபால்ட் அவமதிக்கிறான். சற்றுமுன் ஜூலியட்டை மணந்து வந்த ரோமியோ, காபுலெட் என்ற பெயரைத் தன் பெயரைப் போலவே நேசிப்பதாகச் சொல்லி விலகுகிறான். அதை இழிவான பணிவு என்று கருதிய மெர்குஷியோ முதலில் வாளை உருவுகிறான். இருவரும் மோதும்போது, அவர்கள் வாள்களைத் தட்டித் தாழ்த்தச் சொல்லிப் பென்வோலியோவை ஏவிவிட்டு, ரோமியோ தானே நடுவில் புகுகிறான். முதல் காட்சியில் பென்வோலியோ செய்த அதே செயல் இது. ரோமியோவின் கையின் கீழாகப் புகுந்த டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவின் உயிரைக் குடிக்கிறது. ஏன் எங்களுக்கு நடுவே வந்தாய், உன் கைக்குக் கீழேதான் நான் குத்துப்பட்டேன் என்று கேட்டுக்கொண்டே அவன் சாகிறான். சமாதானத்துக்காக நீட்டிய கையே சாவுக்கு வழிவிட்டது. புரூக்கின் கவிதையில் மெர்குஷியோ இப்படிச் சாவதில்லை. இதுவும் ஷேக்ஸ்பியர் சேர்த்ததே. பென்வோலியோ சொல்லைக் கேட்டிருந்தால் எல்லாம் நலமாகியிருக்கும் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு விடை சொல்ல வேண்டும். அவன் சொல்லை எவரும் கேட்கவில்லைதான், ஆனால் அவன் வழியை ரோமியோ பின்பற்றியும் ஆயிற்று, விளைந்தது கொலை. அடுத்த சில நொடிகளில், பொறுமையைக் கைவிட்டு நெருப்புக் கண் கொண்ட சினத்தைத் தன் வழிகாட்டியாக ஏற்கும் ரோமியோ, டிபால்ட்டாகவே மாறி டிபால்ட்டைக் கொல்கிறான்.

பின்னர் இளவரசரிடம் பென்வோலியோ தரும் வாக்குமூலத்தை அப்பழுக்கற்ற உண்மையாகக் கொள்வதும் பிழை. ரோமியோவின் பணிவையும் டிபால்ட்டின் அடங்காச் சினத்தையும் விரிவாகச் சொல்லும் அவன், மெர்குஷியோ வலியச் சண்டைக்கு இழுத்ததையும் முதலில் வாளை உருவியதையும் சொல்லாமல் விடுகிறான். இவன் மாண்டேகு உறவினன், பாசத்தால் பொய் சொல்கிறான் என்று காபுலெட் சீமாட்டி சாடுவது முழுப் பொய்யன்று. ஆனால் இருபது பேர் சேர்ந்து தாக்கினார்கள் என்று அவர் சொல்வதற்கு நாடகத்தில் ஆதாரமே இல்லை. பென்வோலியோ பொய்யன் என்று நான் சொல்லவில்லை. நண்பனின் உயிரைக் காக்க நினைக்கும் நல்லவனும் தனக்கு வேண்டியதை மட்டும் சொல்வான் என்பதை ஷேக்ஸ்பியர் அறிந்திருக்கிறார்.

அந்த வாக்குமூலத்தோடு பென்வோலியோ மேடையை விட்டு மறைகிறான். பிறகு அவன் வருவதே இல்லை. 1597-இல் அச்சான முதல் பதிப்பில் மட்டும், இறுதிக் காட்சியில் மாண்டேகு அவனும் இறந்துவிட்டான் என்று ஒரு வரி சொல்கிறார். 1599-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த வரி இல்லை. ஆனால் மூன்றே காட்சிகளில் பேசிவிட்டு நாடகத்தின் நடுவில் செத்துப்போன டிபால்ட் மறைவதில்லை என்பதையும் ஒப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். ஜூலியட்டின் செவிலி அவனைத் தன் உற்ற நண்பன் என்றும் பண்பாளன் என்றும் சொல்லி அழுகிறாள். மயக்க மருந்தைக் குடிக்கும் முன் ஜூலியட்டின் கண்ணுக்கு அவனுடைய ஆவி ரோமியோவைத் தேடி அலைவது போலத் தெரிகிறது. கடைசியில் கல்லறைக்குள் வரும் ரோமியோ, இரத்தம் தோய்ந்த துணியில் கிடக்கும் டிபால்ட்டை உறவு சொல்லி அழைத்து, உன் இளமையை வெட்டிய கையாலேயே உன் பகைவனாகிய என்னையும் வெட்டிக்கொள்வதைவிட உனக்கு வேறென்ன நன்மை செய்வேன், என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறான்.