பெயர் அப்புறம், முதலில் லேபிள்

எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா பக்கம் போன ஒரு பழைய பயணத்தில் சேகரித்த பறவைத் தோல்கள் (உள்ளுறுப்பு நீக்கி, இறகோடு பதப்படுத்திய பறவை உடல்கள்) இழுப்பறை இழுப்பறையாக உங்கள் முன்னால் இருக்கின்றன, அட்டவணை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உடனே ‘இது என்ன பறவை?’ என்று பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கே, எப்போது கிடைத்தது என்பது தொலைந்தால் தொலைந்ததுதான்.

இத்தாலிய இளவரசர் எவ்ஜேனியோ ருஸ்போலி 1890-களின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவில் துராக்கோ என்ற ஆப்பிரிக்கக் காட்டுப் பறவை ஒன்றைச் சேகரித்தார். இடம், தேதி எதையும் எழுதி வைக்காமல் 1893-இல் யானை தாக்கி இறந்துபோனார். 1896-இல் இத்தாலியப் பறவையியலாளர் சால்வதோரி அந்தப் பறவைக்கு அவர் பெயரையே வைத்தார், சரி, ஆனால் அது எந்தக் காட்டுப் பறவை? மறுபடி கண்ணில் பட 1940-கள் ஆகிவிட்டன.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய தோல்களில் ஆர்சனிக் என்ற நஞ்சைத் தடவியிருப்பார்கள். காலில் கட்டிய லேபிளை அவிழ்க்கவே கூடாது, உங்கள் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதிக் கூடவே கட்டுங்கள். லேபிளில் இருப்பதை எழுத்துப் பிழையோடு அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில் (column) ஏற்றி, உங்கள் விளக்கத்தைப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். ‘ருடால்ஃப் ஏரி’ என்றால் இன்றைய துர்கானா, ‘ஸ்டெபனி’ என்றால் செவ் பாஹிர், ‘மார்கரிட்டா’ என்றால் அபாயா. உயரம் அடியில் இருந்தால் அடியையும் விடாதீர்கள், மீட்டரையும் சேருங்கள். எத்தியோப்பியாவில் மேட்டுநிலம் சட்டென்று பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்குவதால், கொஞ்ச தூரத்திலேயே பறவைகள் மாறிவிடும்.

தேதிதான் பெரிய தலைவலி. ‘3-5-12’ என்பது மே 3-ஆ, மார்ச் 5-ஆ? சேகரித்தவர் போட்ட வரிசை எண்ணைப் பாருங்கள்: முன்னும் பின்னும் உள்ள எண்கள் மே மாதம் என்றால் இதுவும் பெரும்பாலும் மேதான். உள்ளூர்க்காரர் எழுதிய குறிப்பாக இருந்தால் அது எத்தியோப்பிய நாட்காட்டியாகவும் இருக்கலாம், ஆண்டு 7 அல்லது 8 பின்தங்கி நிற்கும்.

கண், அலகு, கால் நிறங்களை லேபிளில் எழுதியிருந்தால் ஒரு சொல்கூட விடாமல் படியெடுங்கள், காய்ந்த தோலில் அவை நிற்பதில்லை. ஆணா பெண்ணா என்பது வயிற்றைத் திறந்து பார்த்து எழுதியதா, இறகைப் பார்த்து ஊகித்ததா என்று தெரிந்தால் அதையும் குறியுங்கள். மடித்த இறக்கை, வால், அலகு, கால் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே ஆள் அளப்பது நல்லது.

இனி பெயர். இடவாரியாகத் தோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினால்தான் துணையின (ஒரே இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவு) வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் வாலாட்டிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்: பல துணையினங்கள் குளிர்காலத்தில் அங்கே வந்து கலந்து திரியும், ஆகவே ஜனவரியில் கிடைத்த பறவையை அந்த ஊரில் குஞ்சு பொரிப்பது என்று எழுதிவிடாதீர்கள்.

1911–12-இல் சைல்ட்ஸ் ஃபிரிக் என்பவர் எத்தியோப்பியா, கென்யா பக்கம் நடத்திய பயணத்தில் பறவையியலாளர் எட்கர் மெர்ன்ஸ் ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சேர்த்துவிட்டு 1916-இல் இறந்தார். அந்தப் பறவைகளைப் பற்றி, பறவையியலாளர் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் தொகுத்த அட்டவணை 1930, 1937 என இரண்டு பாகங்களாக வந்தது. சந்தேகம் வந்தால் சேகரித்தவரைக் கேட்க வழியில்லை, லேபிளைத்தான் கேட்க வேண்டும்.

கந்தலான தோலையும் ஒதுக்காதீர்கள். 1990-இல் தெற்கு எத்தியோப்பியாவின் நெச்சிசார் சமவெளியில் கிடைத்தது பக்கி என்ற இரவுப் பறவை ஒன்றின் ஒற்றை இறக்கை மட்டும். அதை வைத்தே 1995-இல் புது இனமாக விவரித்து, ‘இறக்கை மட்டும்’ என்ற பொருளில் சொலாலா என்று பெயரும் வைத்தார்கள். உங்கள் இழுப்பறையில் அப்படி ஏதாவது கிடந்தால், பெயர் பத்தியை வெறுமையாக விட்டு, எண்ணை மட்டும் போட்டு வையுங்கள்.