கூட்டுக்குப் போகாமல் கூட்டைக் கவனிப்பது எப்படி

மார்ச் பிறந்தால் கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, சோலைக்குள்ள ஒரு கூடு கண்டுபிடிச்சிருக்கோம், வந்து பாக்கறீங்களா?" நான் போவதில்லை. போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நான் கேட்பது ஒன்றுதான்: "பறவை வாயில என்ன வெச்சிருந்துச்சு?"

கூடு கவனிப்பில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். அலகில் காய்ந்த இலையோ நாரோ இருந்தால் கூடு கட்டுகிறது. புழுவைப் பிடித்து அங்கேயே விழுங்கினால் அது அதன் சாப்பாடு. விழுங்காமல் தூக்கிக்கொண்டு இந்தக் கிளை அந்தக் கிளை என்று தயங்கினால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது. வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையைக் கொண்டுபோய்த் தூரத்தில் போட்டால் அது குஞ்சின் எச்சப்பை. இதைவிடப் பலமான சாட்சி வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்று எதைச் சொல்கிறதோ, அதில் காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். ஆகவே சோலைக்குள் போக வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாட்ச்சர் அண்ணன் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. இங்கே காட்டுமாடும் கரடியும் சகஜம், பைனாகுலரில் கண்ணை வைத்திருப்பவருக்கு முதுகில் கண் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்கள் வீட்டு வேலியில் கட்டும் செம்மீசைச் சின்னானை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பழகலாம்.

நான் அதிகம் கவனிப்பது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளை விட்டு வேறெங்கும் இல்லாத பறவை. மார்ச் முதல் மே வரை கூடு கட்டும். குறிஞ்சிப் புதருக்குள்ளோ பெரணிக்குள்ளோ, நம் இடுப்பு உயரத்தில், காய்ந்த கோரை இலையைச் சுருட்டிப் பந்து போட்டதுபோல் இருக்கும். சருகு சிக்கிக் கிடக்கிறது என்று தாண்டிப் போய்விடுவோம். கட்டுவது பெட்டைதான். தன் உடம்பைவிட நீளமான கோரை இலையை நடுவில் கவ்விக்கொண்டு பறந்து வரும், இலையின் ஒரு முனை கிளையில் மாட்டும். விட்டுவிடாது. பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, இலையை நீளவாக்கில் திருப்பிக்கொண்டு உள்ளே நுழையும். ஆண் பக்கத்துக் கிளையில் நின்று மெல்லிய குரலில் பாடும். நீங்கள் நெருங்கிவிட்டால் பாட்டு நின்று 'ஜிட், ஜிட்' என்று வரும். அது கேட்டால் உட்கார்ந்த இடம் சரியில்லை என்று அர்த்தம். பத்துப் பதினைந்து தப்படி பின்னால் போங்கள்.

காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பாதையோரம் ஒரே இடத்தில் உட்காருவது நல்லது. அலைந்து தேடினால் கூடு கிடைக்காது, அட்டைக்கடிதான் கிடைக்கும். அடைகாக்கும் காலம்தான் கஷ்டம். பெட்டை வாயில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் சத்தமில்லாமல் வந்து, அவசரமாக இரை தேடிவிட்டுக் கிளம்பும். அது திரும்பிப் போகிற திசையை மட்டும் பாருங்கள். அடுத்த முறை அந்தத் திசையில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

கூட்டை எட்டிப் பார்த்தே ஆகவேண்டுமா? கட்டும்போதும் முட்டையிடும்போதும் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் பயந்தால் கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். அடைகாக்க உட்கார்ந்த பிறகு, மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை போதும். வெயில் வந்தபிறகு, மதிய மூடுபனிக்கு முன்னால், தாய் தானாக வெளியே போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். திறந்த கிண்ணக் கூடு என்றால் மூங்கில் குச்சியில் கட்டிய சின்ன முகக்கண்ணாடியில் உள்ளே பாருங்கள், ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடியவேண்டும். பந்துக்கூட்டில் கண்ணாடியும் வேண்டாம், விரலும் வேண்டாம். இரை போவதை வைத்தே முடிவு செய்யுங்கள். போன வழியே திரும்பாமல் கூட்டைத் தாண்டி நடந்து வெளியேறுங்கள். கூட்டில் போய் முடிகிற ஒற்றைத் தடம் விழுந்தால் அதை மோப்பம் பிடித்துக் கீரி வரும். காகம் கண்ணில் பட்டால் அன்று கூடே இல்லை என்று நினைத்து நேராக நடந்துவிடுங்கள், அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டுக்கு அடையாளமாக ரிப்பன் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. 'வளைவில் நாவல் மரம், வடகிழக்கே 12 தப்படி, இடுப்பு உயரம்' என்று எழுதினால் போதாதா? குஞ்சுக்கு இறக்கை முளைத்துவிட்டால் பைனாகுலர் மட்டும்தான். நெருங்கினால் முன்கூட்டியே குதித்துவிடும்.

நோட்டில் தேதி, நேரம், நிலை, எண்ணிக்கை. உள்ளே பார்த்து முட்டை இல்லை என்றால் 0 போடுங்கள். பார்க்க முடியவில்லை என்றால் கேள்விக்குறி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்த நோட்டால் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் கணக்கு. பத்துக் கூடு கண்டோம், நான்கு அழிந்தது, ஆகவே 60 சதவீதம் வெற்றி என்று எழுதாதீர்கள். கட்டிய இரண்டாம் நாளே பாம்பு விழுங்கிய கூடு நம் கண்ணிலேயே பட்டிருக்காது. தப்பித்து நின்ற கூடுகள்தான் நமக்குக் கிடைக்கின்றன. ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1961-ல் இதற்கு வழி சொன்னார். அவருக்குப் பிழைப்பு ஒரு கம்பெனியில், பறவை பார்ப்பது ஆசைக்கு. ஒவ்வொரு கூட்டையும் எத்தனை நாள் நம் கண்காணிப்பில் வைத்திருந்தோம் என்று கூட்ட வேண்டும். அந்தப் பத்துக் கூட்டுக்கும் சேர்த்து 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். 100 நாளில் 4 அழிவு என்றால் ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 0.96. முட்டையிலிருந்து குஞ்சு பறக்க 28 நாள் ஆகும் என்றால் 0.96-ஐ 28 தடவை பெருக்குங்கள். வருவது 0.32. அறுபது எங்கே, முப்பத்திரண்டு எங்கே! கூடு கடைசியாக நன்றாக இருந்த நாளுக்கும் அழிந்திருந்த நாளுக்கும் நடுநாளை அழிந்த நாளாகக் கொள்ளவேண்டும். தேதி எழுதாதவருக்கு இந்தக் கணக்குப் போடவே முடியாது.

காலிக் கூடு என்றால் உடனே 'அழிந்தது' என்று எழுதிவிடாதீர்கள். நாள் கணக்கு சரியாக இருந்து, விளிம்பில் எச்சமும் உள்ளே இறகுத் துகளும் இருந்து, பக்கத்துப் புதரில் தாய் இரையோடு அலைந்தால் பறந்துவிட்டன. உள்மெத்தை பிய்ந்து வெளியே கிடந்தால் அழிவு. பாம்பு தடயம் வைக்காமலும் போகும், அதனால் எதுவும் தெரியாதபோது 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது இனப்பெருக்கக் குறியீட்டைப் போடுங்கள், கூட்டின் படத்தைப் போடாதீர்கள்.

மே மாதத்தில் வரும் போன் வேறு மாதிரி. "அக்கா, குஞ்சு கீழ விழுந்து கிடக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" இறகு முளைத்து, கிளையைக் கால் பிடிக்கிறது என்றால் அது விழவில்லை, கூட்டை விட்டு வந்திருக்கிறது. சரியாகப் பறக்க இன்னும் சில நாள் ஆகும், அதுவரை தாய் தரையிலேயே ஊட்டும். நாயோ பூனையோ இருந்தால் மட்டும் பக்கத்துப் புதரில் ஏற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் அங்கே நிற்கிறவரை தாய் வராது.