பாவித்த ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முதல், உவர்மலையில் ஒருக்கால் ஏற்றி இறக்கிப் பாருங்கள்

போன மாதம் நிலாவெளித் தம்பி ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு வந்தான். திரையில் வெள்ளை நிற ஹொண்டா சிஆர்-இசட், பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட், ஆறு கியர் மேன்வல். "அண்ணை, இனி எல்லாம் கரண்ட் காராத்தானே வரப்போகுது. இதை வாங்கினா காசு வீணாப் போகுமோ?" என்று கேட்டான். "காரைக் கொண்டு வா, பாத்துச் சொல்லுறன்" என்றேன். அவனோடு சேர்ந்து அன்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் பதினெட்டு வருடமாக வாகன மின்வேலை செய்கிறேன். இந்தக் கார் மீது எனக்குத் தனி விருப்பம் உண்டு.

விருப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2010-ல் ஜப்பானில் இது வெளிவந்தபோது, 1.5 லீற்றர் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே தோசைக்கல் போலத் தட்டையான ஒரு 10 கிலோவாட் மோட்டரை வைத்தார்கள். பின்னால் 100 வோல்ற் பற்றரி. அவ்வளவுதான். மேன்வல் காரின் எடை 1,130 கிலோ அளவில் நின்றது. 2024-ல் போர்ஷே தன் 911 கரேரா ஜிடிஎஸ்ஸை ஹைபிரிட் ஆக்கியபோதும் கியர்பொக்ஸுக்குள்ளே ஒரு மோட்டர், 1.9 கிலோவாட்-மணி கொண்ட சின்னப் பற்றரி என்ற வழியில்தான் போனது. எடை ஏறியது ஏறத்தாழ 50 கிலோதான். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் யோசனை ஒன்று.

சரி, காருக்கு வருவோம்.

காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். போனதும் பொனெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு திறப்பைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். நல்ல காரில் அந்த நடு மோட்டர்தான் எஞ்சினைச் சுழற்றும். கரகரப்பே இல்லாமல், ஒரு மெல்லிய உதறலோடு எஞ்சின் பிடித்துவிடும். சாதாரணக் கார் போல 'கிர்ர்ர்' என்று ஸ்டார்ட்டர் சத்தம் கேட்டால், பெரிய பற்றரி அந்த வேலையைச் செய்யவில்லை, 12 வோல்ற் ஸ்டார்ட்டர் துணைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். கடும் குளிரிலும் அந்த ஸ்டார்ட்டர் வரும், ஆனால் எங்கள் ஊர் வெக்கையில் குளிரைச் சாட்டுச் சொல்ல முடியாது. அந்தச் சத்தம் கேட்டால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, காரின் கணினியில் பதிந்த குறைகளைப் படிக்கும் ஸ்கானர் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஓட்டம். நாங்கள் உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் போனோம். சாம்பல்தீவு தாண்டி வீதி வெறுமையாக இருக்கும் இடத்தில் ஸ்போர்ட் பொத்தானை அழுத்துங்கள். மீற்றர் வளையம் சிவப்பாகும். மூன்றாம் கியரில் 2,000 சுற்றில் வைத்து மிதியுங்கள். அந்தச் சுற்றில் 1.5 லீற்றர் எஞ்சின் தனியே இப்படித் தள்ளாது. முதுகைச் சீற்றில் அமத்தும் அந்த முதல் இழுவை மோட்டருடையது. அதை உடம்பால் உணருங்கள். கண்ணை மீற்றரில் வையுங்கள், மோட்டர் உதவுவதைக் காட்டும் அசிஸ்ட் கோடுகள் ஏற வேண்டும்.

இதே ஓட்டத்தில்தான் பற்றரியின் குட்டும் வெளிப்படும். நாலைந்து தடவை இப்படி மிதித்தால் பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்குவது இயல்பு. ஐந்து கோடு காட்டிய மீற்றர் திடீரென ஒன்றுக்கு விழுந்து, கொஞ்ச நேரத்தில் மளமளவென்று திரும்பி நிரம்பினால், செல்கள் களைத்துவிட்டன. எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று விற்பவர் சொல்லுவார். விளக்கு கடைசியில்தான் எரியும்.

திரும்பி வந்து உவர்மலை ஏறுங்கள். இறக்கத்தில் மெதுவாகப் பிறேக்கைத் தொட்டால் மோட்டரே பற்றரியை நிரப்பும், சார்ஜ் கோடுகள் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால், மீற்றர் நிரம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரம்பிய பற்றரி மேலும் வாங்காது, அது குறையில்லை.

"பற்றரி புதுசு" என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். முந்தி ஒருவர் அப்படிச் சொல்லி வாங்கிய காரோடு என்னிடம் வந்தார். திறந்து பார்த்தால் 84 செல்லில் ஒரு பகுதி மட்டும் மாற்றப்பட்டிருந்தது. பழைய செல் சீக்கிரம் காலியாகி, புதியதையும் தன்னோடு இழுத்து விழுத்தும். அந்த மனிசன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹபறணை வீதியில், யானை கடக்கிற இடத்தில் நின்றதாகச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. முழுவதும் மாற்றினதா, எந்த மாதம், பற்றுச்சீட்டு எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். 2012 கடைசியில் வந்த புதுப்பித்த மொடலில் 144 வோல்ற் லித்தியம் பற்றரியும் 15 கிலோவாட் மோட்டரும் இருக்கின்றன. கிடைத்தால் அதையே எடுங்கள்.

டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. கடற்கரை மணல், நாய் மயிர், பழைய துணி எல்லாம் அந்த வழியை அடைக்கும். செம்மஞ்சள் நிற வயரில் மட்டும் கை வைக்க வேண்டாம், அதில் ஓடுவது உயிரெடுக்கும் மின்சாரம். பிறகு காரை உயர்த்தி அடிப்பாகத்தில் கறள் தேடுங்கள். கச்சான் காலத்துப் புழுதியும் மாரிக்காலத்து உப்பு ஈரமும் பிறேக் குழாய்களைத்தான் முதலில் தின்னும். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை, இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. எத்தனை கை என்று பதிவுப் புத்தகத்தில் பாருங்கள்.

முழு மின்சாரக் காரையே வாங்கலாமா என்றும் தம்பி கேட்டான். ஹியூண்டாயின் 'ஐயோனிக் 5 என்' (N) என்ற மின்சாரக் கார் 600 குதிரைச்சக்திக்கு மேல் தருகிறது, கியர் மாற்றுவது போன்ற உதறலையும் சத்தத்தையும் செயற்கையாக உண்டாக்குகிறது. எடை 2,200 கிலோ அளவில். 2025-ல் திரும்பி வந்த ஹொண்டா பிரெலூட் ஹைபிரிட்டிலும் கியர் உணர்வு செயற்கைதான். அவற்றைக் குறைவாக நினைக்கவில்லை, வேகம் வேண்டுமென்றால் அவற்றுக்குப் பக்கத்தில் சிஆர்-இசட் நிற்கவே முடியாது. ஆனால் வளைவில் லேசான கார் திரும்பும் சுகமும், கிளச்சை விடும்போது காலுக்குத் தெரிகிற அந்தப் பிடியும் உங்களுக்கு முக்கியமென்றால், மேன்வல் கியரோடு ஹைபிரிட் தேடினால் மிகச் சிலதான் அகப்படும். மின்சாரக் கார்தான் என்றால், கொழும்புக்குப் போய்வர ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதையும், உங்கள் வீட்டில் சார்ஜர் பூட்ட இடம் உண்டா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

தம்பியின் கார் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது, கோடுகள் ஒழுங்காக இறங்கின, பின்பக்கப் பிறேக் குழாய் ஒன்றில் மட்டும் கறள். அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கிவிட்டான். மறுநாளே வந்து நின்றான். இரண்டு பேருமாகப் பின்பக்கத்தைக் கழற்றி, விசிறியில் ஒட்டியிருந்த ஒரு கைப்பிடி மணலைத் தூரிகையால் தட்டி எடுத்தோம்.