மாதிரிக் கட்டுரையை வைத்து எழுதக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகவல் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க, நன்றாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையை மாணவர்முன் வைப்பது அருமையான வழி. ஆனால் பல வகுப்புகளில் அது எழுத்துப் பாடத்திலிருந்து நழுவி வாசிப்புப் பாடமாகிவிடுகிறது. நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்.

ஒரு கட்டுரை இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். நீந்தும்போது அவற்றில் ஒன்று நின்றுவிடும்.' "எத்தனை இதயங்கள்?" என்று கேட்டால் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அவர்களின் எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்க வேண்டியது வேறு. 'ஆக்டோபஸ் ஒரு கடல்வாழ் உயிரினம்' என்று இதை எழுதியவர் ஏன் தொடங்கவில்லை? முதல் வாக்கியம் ஏன் இத்தனை சிறியது? இதயம் நிற்பதன் காரணத்தை எதற்காகத் தள்ளிப்போட்டார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் பிள்ளை எழுத்தாளரின் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறது. அதற்காக முதல் வாசிப்பிலேயே அறுத்துப் பார்க்க வேண்டாம். ஒருமுறை வியந்து படிக்கட்டும், பிறகு கேளுங்கள்.

அடுத்தது, அச்சு அசலாகப் பின்பற்றச் சொல்வது. 'பசுவுக்கு நான்கு கால்கள்' என்று ஒரு மாணவி தொடங்கினால், வாக்கியத்தின் வடிவம் வந்திருக்கிறது, வியப்பு வரவில்லை. அவள் எடுத்துக்கொள்ள வேண்டியது 'எதிர்பாராத உண்மையை முன்னால் வை' என்ற உத்தியை. ஒரே ஒரு மாதிரிக் கட்டுரையைக் காட்டினால் பிள்ளைகள் அதன் சொற்களைப் பிடித்துக்கொள்வார்கள். கேள்வியில் தொடங்குவது, காட்சியில் தொடங்குவது என இரண்டு மூன்றை அருகருகே வைத்தால் உத்தி தானாகவே துலங்கும்.

பத்துப் பக்கக் கட்டுரை முழுவதையும் அலச வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பத்தி, ஓர் உத்தி போதும். அதுவும் அன்றைய தேவைக்குப் பொருந்த வேண்டும். இரண்டு விலங்குகளை ஒப்பிட்டு எழுதத் திணறும் மாணவனிடம், படிப்படியான செய்முறை விளக்கத்தைக் கொடுத்து என்ன பயன்?

தகவல் பழையதாகிவிட்டதா என்றும் பாருங்கள். 2006க்கு முன் வந்த சூரியக் குடும்பக் கட்டுரைகளில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருக்கும். நடை சிறப்பாக இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் அந்தத் தகவல் இன்று செல்லாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேர்ந்த எழுத்தாளர்களின் கட்டுரைகளை மட்டுமே காட்டினால் சில பிள்ளைகள் மலைத்துப்போவார்கள். முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரையை, பெயரை நீக்கி, அவர் சம்மதத்துடன் காட்டலாம். அதைவிட முக்கியமாக, ஆசிரியர் கரும்பலகையில் தாமே எழுத வேண்டும். முதல் வரியை எழுதி, பிடிக்காமல் அழித்து, மாதிரியை மறுபடி பார்த்து, வேறு வரி எழுதுவதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும்.